விரிசல் விழுந்த நீலப் பீங்கான்கள்

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்தவராகப் பிறந்த அண்ணை, அப்பாவை இழந்தபோது பத்தாம் வகுப்பில் இருந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அப்பாவும் அவரே. அகதியாக லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரண்டு ஷிப்ட் நின்று, தம்பியையும் என்னையும் அங்கே கூப்பிட்டு, கலியாணமும் செய்துவைத்தார். தான் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

தனக்கென்று அண்ணை வாங்கியவை பழைய ஆங்கிலேயப் பீங்கான் தட்டுகள் மட்டுமே. வெள்ளைத் தட்டில் நீல மரங்கள், பாலங்கள், மாடுகள். ஞாயிறு காலை, காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலில் தேடிப் பிடிப்பார். லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனால் தட்டுப் புராணம் கேட்காமல் திரும்ப முடியாது.

"செப்புத் தகட்டில வெட்டின படத்தைத் தாளில எடுத்துத் தட்டில ஒட்டுறது. இஞ்ச பார் தங்கச்சி, ரெண்டு தாள் சந்திக்கிற இடத்தில மரம் பொருந்தேல்லை" என்று விளிம்பைக் காட்டுவார். அதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். உடைந்து, யாரோ அந்தக் காலத்தில் கம்பி போட்டுத் தைத்த தட்டுகள்தான் சுவரின் நடுவில் இருந்தன.

பிறகு ஈரலில் புற்றுநோய் வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று டொக்டர் அண்ணையையும் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார். ஆனால் எங்களுக்குள் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

உடைந்த பாத்திரம் வீட்டில் இருக்கக்கூடாது என்று அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணை தன் வீட்டுக்கு வருவதற்கு முதல்நாள், விரிசலும் தையலும் உள்ள பதினொரு தட்டுகளையும் கழற்றி, கவுன்சிலின் குப்பை கொட்டும் இடத்தில் என் கையாலேயே போட்டேன்.

அண்ணை சக்கர நாற்காலியில் வந்து சுவரைப் பார்த்தார். நான்கு தட்டுகள் மிஞ்சியிருந்தன.

"மற்றதுகள் எங்க?"

"எறிஞ்சிட்டன் அண்ணை. உடைஞ்சதுகள்தானே."

"நான் இன்னும் சாகேல்லையே தங்கச்சி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

செத்தவர் வீட்டை ஒழிப்பதுபோல் ஒழித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்வதென்றால் சாவைப் பற்றிப் பேச வேண்டும். "தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன்பின் பத்து நாள் இருந்தார். தம்பியுடன் கதைத்தார், தாதியுடன் கதைத்தார். என்னிடம் தண்ணீர் மட்டும் கேட்டார்.

அண்ணையைப் பராமரித்த தாதியருக்கும், நாள்தோறும் சமைத்துக் கொண்டுவந்த ஹரோவில் இருக்கும் மச்சாளுக்கும், எறிந்த தட்டுகளைக் குப்பையில் என்னுடன் தேடிவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய தம்பிக்கும், இறுதிக் கிரியைகளில் எங்களுடன் நின்ற உங்கள் எல்லோருக்கும் நன்றி.

அண்ணை கேட்ட கேள்விக்கு அவர் உயிரோடு இருக்கும்போது நான் பதில் சொல்லவில்லை. இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். உடைந்தவை வீட்டில் இருந்தால் உங்களைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தேன், அண்ணை. நீங்கள் இருக்க வேண்டும் என்றுதான் எறிந்தேன்.