ஆடாத விமானத்தில் நான் பறக்காத நாள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து, வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் ரேணுகா அக்கா போன் பண்ணினாள். அவள் என் பெரியம்மா மகள். கொழும்புப் பக்கம் சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் மெக்கானிக். "கலவானவில ஒரு சிங்கள மாத்தயா சொந்தமா ரெண்டு சீட் விமானம் வச்சிருக்காரு. எஞ்சின் ஆடுதுன்னு எதையோ மாத்தியிருக்காராம், வந்து பாருன்னு கூப்பிடுறாரு. கூட வந்தா உன்னையும் ஒரு சுத்து ஏத்திட்டுப் போவாராம்" என்றாள். அவள் முடிப்பதற்குள் நான் சப்பாத்தைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் இதுவரை யாரும் விமானத்தில் ஏறியதில்லை.

அக்கா முந்தின இரவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு தெஹியோவிட்டவில் பஸ் ஏறினோம். அவிசாவளையில் இறங்கி இரத்தினபுரி பஸ். அது நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. டிக்கட் ஆளுக்கு நூற்று எழுபது ரூபா. இரத்தினபுரியில் பிளேன் டீயும் பணிஸும் சாப்பிட்டுவிட்டு கலவான பஸ்ஸில் ஏறினோம். வலது பக்க ஜன்னலில் உட்கார முயற்சி செய்யுங்கள், பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். வாந்தி வருகிறவர்கள் முன்னால் உட்காருங்கள். வளைவுகள் அப்படி.

கலவான டவுனில் இருந்து ஆட்டோ, அறுநூறு ரூபா. விமானம் பார்க்கப் போகிறோம் என்றதும் டிரைவர் அண்ணன் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பார்த்தார்.

"இந்த ஊருக்கு வானத்துல இருந்து எதாச்சும் வந்தா அது வெள்ள நிவாரண எலிகொப்டர்தான் தங்கச்சி. ஏறிட்டு வந்து சொல்லுங்க, எங்க வீட்டுக் கூரை எப்படி இருக்குன்னு."

"ஓட்டையா இருந்தா?"

"ஓட்டைன்னு எனக்கே தெரியும். எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க."

பழைய ரப்பர் மலையொன்றின் அடிவாரத்தைச் சமப்படுத்திப் புல் வளர்த்திருந்தார்கள். அதுதான் ஓடுபாதை. தகரக் கொட்டகைக்குள் வெள்ளை விமானம் நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னது; இறக்கை என் தோளுயரம்கூட இல்லை. சொந்தக்காரர் மாணிக்கக்கல் வியாபாரி. வியாபாரத்தில் பழகிய தமிழில் சிரித்துச் சிரித்துப் பேசினார்; என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றே கூப்பிட்டார்.

"இந்த எஞ்சின் முந்தி எப்படி ஆடும் தெரியுமா நங்கி? பல்லு கழண்டுடும். எஞ்சினையும் சட்டத்தையும் பிடிக்கிற ரப்பர் மெத்தை நாலு இருக்கு. வெளிநாட்டுது கல்லு மாதிரி கட்டி. நான் புதுசா மெத்துமெத்துன்னு செய்ய வச்சேன். எங்க தெரியுமா? உங்க தெஹியோவிட்ட பக்கம். ரப்பரும் உங்க ஊருதுதான்."

என் அம்மா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவர் வெட்டிய மரத்துப் பால்கூட அந்த மெத்தையில் இருக்கலாம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ரேணுகா அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அனுமதி இல்லாம இதெல்லாம் மாத்தக் கூடாது மாத்தயா. முதல்ல எஞ்சின் மூடியைக் கழட்டிப் பார்ப்போம்."

"முதல்ல ஓட்டம் பாரு, அப்புறம் மூடி."

விமானத்தைக் கொட்டகை வாசலுக்குத் தள்ளிவந்து, என்னை ஏற்றி பெல்ட் போட்டுவிட்டு அவரும் ஏறினார். அக்கா வெளியே, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கைக்குப் பின்னால் நின்றாள். எஞ்சின் கிளம்பியது. எங்கள் பஸ் சீட்டில் இருக்கும் நடுக்கம்கூட இல்லை. அவர் ஐந்து ரூபாய்க் குற்றிக் காசு ஒன்றை எடுத்து எனக்கு முன்னால் இருந்த பலகையில் விளிம்பில் நிறுத்தினார். சத்தியமாக, அது நின்றது! ஐந்து நிமிடம் போல அப்படியே நின்றது.

"போவோமா நங்கி?"

அக்காவைப் பார்த்துக் கட்டையை இழுக்கச் சொல்லிக் கை காட்டினார். அவள் இழுக்கவில்லை. எங்களைப் பார்க்கவே இல்லை, விமானத்தின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்தை அறுப்பதுபோல் கையை இழுத்துக் காட்டினாள். நிறுத்து என்று அர்த்தம்.

"உங்க அக்காவுக்குப் பொறாமை" என்று சிரித்தார் அவர். எனக்கும் கோபம் வந்தது. "அக்கா, ஒரே ஒரு சுத்து!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் கயிற்றை இழுத்திருக்க மாட்டாள்.

கடைசியில் சலித்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினார். நிற்கும்போது முன்பக்கம் ஒருதரம் பலமாகக் குலுங்கியது. குற்றி விழுந்து என் காலடியில் உருண்டது.

"சீட்டுல ஆடல மாத்தயா. வெளியே நின்னு பார்த்தா, எஞ்சின் கூட்டுக்குள்ள சுத்திச் சுத்தி ஆடுது" என்று சொல்லிக்கொண்டே அக்கா மூடியைக் கழற்றினாள். முதலில் வந்தது பெற்றோல் வாசம். எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குழாய் ஓர் இரும்புத் தாங்கியில் உரசி, பாதிக்கு மேல் தேய்ந்து ஈரமாகியிருந்தது. நாலு விரல் தள்ளி, சூடாகப் புகைக்குழாய். அக்கா ஒரு மெத்தையை நகத்தால் அழுத்தினாள். ஊறிய பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. எண்ணெயும் சூடும் பட்டால் நம் மரத்து ரப்பர் இப்படித்தான் ஆகும் என்றாள். ரப்பருக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாது.

பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அங்கிருந்து அந்தக் குழாய் என் முழங்காலுக்கு எவ்வளவு கிட்ட!

மாத்தயா சிரிக்கவில்லை. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, "நேத்து நான் தனியாப் பறந்தேனே" என்றார். பிறகு சிங்களத்தில் அதையே இரண்டு தடவை சொன்னார். அக்கா நாலு மெத்தையையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சரியான மெத்தை வரும்வரை அந்த விமானம் ஓரடி நகராது.

திரும்பும்போது அதே ஆட்டோ. "எத்தனை ஓட்டை?" என்றார் டிரைவர் அண்ணன். அக்கா மெத்தைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டிய எடுங்க அண்ணே" என்றாள்.

கலவானவுக்குப் போகிறவர்கள் மதியத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மழை. அட்டை கடிக்கும், உப்பு எடுத்துப் போங்கள். யாராவது உங்களைச் சின்ன விமானத்தில் ஏறக் கூப்பிட்டால், ஏறுவதற்கு முன்னால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவர் சிரித்தாலும் பரவாயில்லை. குற்றி நிற்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. அம்மா வாசலிலேயே நின்றார். "பறந்தியா?"

"இல்லம்மா."

"அட பாவமே. அவ்வளவு ஆசையாப் போன புள்ள" என்று என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையில் எப்போதும் போல ரப்பர் பால் வாசம். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.