புனித வாரத்தில் விட்ட மாத்திரை

ஓய்வுபெற்ற ஆசிரியை நான்; கணவர் இறந்தபின் திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறேன். புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை சாப்பிடுகிறேன். புனித வாரத்தில், வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பதாக நினைத்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். தடுக்க வீட்டில் ஆளில்லை. ஈஸ்டர் காலையில் வலி தாங்காமல், விட்ட நாட்களுக்கும் சேர்த்து மொத்தமாக விழுங்கினேன். மூச்சு குறைந்து மயங்கிக் கிடந்த என்னைப் பக்கத்து வீட்டு மும்தாஜ்தான் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

“டீச்சர், விட்ட நாள்ல உடம்புக்கு மருந்துப் பழக்கம் போயிருச்சு. பழைய அளவே தாங்காது, நீங்க அம்புட்டையும் முழுங்கியிருக்கீங்க! எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” என்றார் நர்ஸ்.

இப்போது தினமும் ஜன்னலருகே நின்று, மும்தாஜ் பார்க்க மாத்திரை போடுகிறேன். “போட்டாச்சா டீச்சர்?” என்பாள். அவள் ஊரில் இல்லாத நாளிலும் அதே ஜன்னலில் நின்று, “போட்டாச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் திரும்புகிறேன்.