காலி சீட்டுக்கு யார் கொடுப்பது?

"உங்க கடைசி சம்பளத்தை முப்பதால வகுத்துட்டேன் மேடம். அதான் உங்க ஒரு நாள் ரேட். ஓகேவா?"

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவர், கேளம்பாக்கத்தில் என் பழைய கம்பெனியின் மேனேஜர். அங்கே பன்னிரண்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். வேலையை விட்டுத் தனியாக மொழிபெயர்த்துக் கொடுக்கத் தொடங்கி இரண்டு மாதமாகிறது; வேலை இருக்கும் நாளுக்கு மட்டும்தான் காசு. வேறு ஆர்டர் எதுவும் வரவில்லை, வாடகைத் தேதி மட்டும் தவறாமல் வருகிறது. யோசிக்காமல் "ஓகே சார்" என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை என்ன செய்வது?

மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பினேன். தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வண்டலூர்... அங்கே ஷேர் ஆட்டோ. என்னோடு இன்னும் இரண்டு பேர்தான். டிரைவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போயிற்று.

"வண்டிய எடுங்கண்ணா, லேட்டாகுது!" என்று கத்தினேன்.

"நாலு சீட்டு காலியா கீதுக்கா. அதுக்கும் சேத்து நீங்களே குடுத்துட்டா இப்பவே எடுக்கறேன். சீட்டு காலின்னு வண்டி டீசல் கம்மியாவா குடிக்குது?"

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். சுருக்கென்றது.

எனக்கு மாதத்தில் பத்து நாள் வேலை வந்தாலே அதிசயம். மீதி இருபது நாள்? பழைய சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கும் காசு இருந்தது, காய்ச்சல் லீவுக்கும் இருந்தது, பி.எஃப். இருந்தது. இப்போது லேப்டாப் என்னுடையது, கரண்ட் பில்லும் என்னுடையது. முப்பதால் வகுத்தாராம்! அதைக் கேட்டுத் தலையாட்டினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கேளம்பாக்கம் ஆபீஸில் மேனேஜர் ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினார்.

"பத்தால வகுங்க சார்" என்றேன்.

சிரித்தார். "என்ன மேடம், இவ்ளோ கமர்ஷியலா ஆயிட்டீங்க? நாமெல்லாம் ஒரே ஃபேமிலி இல்லையா?"

ஃபேமிலியாம்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடம் இன்க்ரிமென்ட் கேட்டு நின்றபோது "கம்பெனி பாலிசி மேடம்" என்று கையை விரித்தவர் இதே மனிதர்தான். உள்ளே இருந்தவரை நான் வெறும் எம்ப்ளாயி, வெளியே வந்ததும் சொந்தக்காரியா? ரேட்டைக் குறைக்க வேண்டுமென்றால் மட்டும் எங்கிருந்துதான் வருகிறதோ இந்தப் பாசம்!

கையெழுத்துப் போடாத காகிதத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். கோபத்தில்தான்... கொஞ்சம் பயத்திலும்.

இன்றுவரை போன் வரவில்லை. சீட்டெல்லாம் காலிதான் — ஆனால் வண்டி என்னுடையது.