கொதிகலனின் மூன்று மீட்டர்கள்

மலையடிவாரத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "கொதிகலன் வீடு எது?" என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வழிகாட்டும். பெயரைக் கேட்டு ஆளைக் கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் நெரிசலில் யாராவது காலை மிதித்தால் "பரவால்லங்க, இன்னொரு கால் இருக்கு" என்று சொல்கிற ரகம். கொதிப்பதெல்லாம் அவருடைய ஜீப்தான்.

மலை உச்சியில் ஒரு டவர் நிலையம். அங்கே வேலை பார்ப்பவர்களையும் அவர்களுக்கான தண்ணீர் கேன்களையும் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பது கொதிகலனின் பிழைப்பு. தார் ரோடு பாதியிலேயே கையை விரித்துவிடும். அதற்கு மேல் கல், சேறு, மறுபடியும் கல். அந்த ஏற்றத்தில் எஞ்சினுக்குச் சூடு பிடிக்கும். அவருக்கும் ஒரு பித்துப் பிடிக்கும். வருஷக்கணக்காக அந்தச் சூட்டையே கவனித்துக் கவனித்து, கண்ணில் படுவதையெல்லாம் தொட்டு டிகிரி சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. டீ டம்ளரைத் தொட்டு "எழுபத்தஞ்சு" என்பார். துணிக்கு இஸ்திரி போடும்போது "நூத்தம்பது, எடு எடு!" என்று அலறுவார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க அங்கே காய்ச்சல் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே இந்த மனிதர் ரசத்துக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜீப்பில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்று இருந்தால் போதும். கொதிகலன் மூன்று வைத்திருந்தார். ஒன்றை நம்பாமல் இரண்டாவது, இரண்டையும் நம்பாமல் மூன்றாவது.

முதல் மீட்டர் வண்டியோடு வந்தது. அவர் வைத்த பெயர் 'மாமனார்'. ஹெட்லைட் போட்டால் போதும், முள் துள்ளிக் குதித்துச் சிவப்புக்கு ஓடிவிடும். "வெந்துட்டேன், வெந்துட்டேன், என்னைய யாரு கேக்குறா?" என்று அது புலம்புவது மாதிரியே இருக்கும். இரண்டாவது, பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்த டிராக்டர் மீட்டர். அதன் பெயர் 'ஜமீன்தார்'. எஞ்சின் தீப்பிடித்து எரிந்தாலும் அறுபதைத் தாண்டாது. "அட விடுப்பா, பாத்துக்கலாம்" என்று காலை நீட்டிப் படுத்திருக்கும். மூன்றாவதில் வயரே கிடையாது. ரேடியேட்டர் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் குமிழிலிருந்து செம்புக் குழாய் நேரே மீட்டருக்கு வரும். அது 'ஞானி'. சாதாரணமாக ஒழுங்காகத்தான் ஏறும். ஆனால் ஏற்றத்தில் வண்டியில் இருப்பவர்கள் பதறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சாந்தமாகிக் கீழே இறங்கிவிடும்.

ஆக, ஓட்டெடுப்புத்தான். இரண்டு முள் சிவப்புக்குப் போனால் வண்டி நிற்கும், சாக்கு வைத்தியம் நடக்கும். ஈரச் சாக்கு ஒன்றை ரேடியேட்டருக்கு முன்னால் கட்டிவிடுவது. அந்த மலையில் ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் சூடு தணிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். கொதிகலன் அவிழ்ப்பதில்லை. எப்படியும் நாளைக்கும் கொதிக்கத்தானே போகிறது?

ஒரு நாள் மனைவிக்கு மலைக்கு மேலே தடுப்பூசி வேலை. "நானே கொண்டுபோய் விடறேன்" என்று கொதிகலன் ஏற்றிக்கொண்டார். மாமனார் கத்தினார், ஜமீன்தார் தூங்கினார், ஞானி சாந்தமாகக் கீழே இறங்கினார். இரண்டுக்கு ஒன்று, வண்டி போகலாம் என்று தீர்ப்பு. அடுத்த வளைவில் பானெட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி, நர்ஸம்மாவை நனைத்த துணி மாதிரி ஆக்கிவிட்டது. அவர் மணல் லாரியில், மணலுக்கு மேலே உட்கார்ந்து, தடுப்பூசிப் பெட்டியை மடியில் அணைத்தபடி போய்ச் சேர்ந்தார். மேலே இருந்தவர்கள் "சிஸ்டர், மணல் எங்க இறக்கணும்?" என்று கேட்டார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் தட்டியபடி நர்ஸம்மா தீர்ப்புச் சொன்னார். "ஏங்க, வர்ற ஞாயித்துக்கெழம நானும் தம்பியும் வண்டியில ஏறுவோம். ஆவி வராம உச்சிக்குப் போய்ச் சேந்தா வண்டி உங்களுது. ஆவி வந்துச்சு, அங்கேயே தம்பி கையில சாவியக் குடுத்துடணும்."

மச்சான் அன்றைக்கே வந்து ஜீப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிணத்தைப் பார்க்கிற காக்கை மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்து.

"மாமா, சேஸிஸ் நல்ல கனம். கதவு மட்டும் நெளிஞ்சிருக்கு. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க, நோகாமப் பிரிச்சு எடுப்பேன்."

"வண்டி உசுரோட இருக்கு மச்சான்!"

"அதான் மாமா, நோகாமன்னு சொன்னேன்."

அன்று இரவு கொதிகலன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு டிகிரி சொல்லவில்லை. நர்ஸம்மாவுக்கு அதுதான் கலக்கமாகப் போய்விட்டது.

"எது நெஜம் சொல்லுது, எது பொய் சொல்லுதுன்னே தெரியாம என்னத்த வைத்தியம் பாக்குறீங்க?" என்றார். "தண்ணி கொதிச்சா நூறு. அது யாருக்காகவும் மாறாது. மூணையும் கழட்டிட்டு வாங்க, அடுப்புல வச்சுப் பாத்துடுவோம்."

சனிக்கிழமை காலையில் ஜீப் சமையலறை ஜன்னலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. பேட்டரியிலிருந்து நேராகப் புது வயர்கள் இழுத்து, வயர் மீட்டர்கள் இரண்டுக்கும் அவற்றின் சென்சார்களுக்கும் கொடுத்து, சென்சார்களையும் ஞானியின் குமிழையும் ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார் கொதிகலன். அடுப்பில் பால் காய்ச்சும் பாத்திரம். அதில் தண்ணீர்.

"பால் பாத்திரமா? வேற கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கொதிகலன் வண்டிக்குள் ஏறிவிட்டார்.

"கொதிக்குது!" உள்ளேயிருந்து சத்தம்.

"ஜமீன்தார் அறுபது!"

"நல்லா தளதளன்னு கொதிக்குதுங்க!"

"இப்பவும் அறுபதுதான்! காலாட்டிட்டு இருக்காரு!"

"உங்க மச்சான் குடுத்ததுதானே அது? டிராக்டர் மீட்டருக்கு எந்த வண்டி சென்சாரையோ மாட்டிக் குடுத்திருக்கான். அடுத்து!"

"மாமனார் நூறு! கரெக்டா நூறு!"

"லைட்டப் போடுங்க!"

போட்டார். முள் அசையவில்லை. கொதிகலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். புது வயர் கொடுத்ததும் மாமனார் வாயை மூடிவிட்டார். வண்டியில் இருந்த பழைய எர்த் வயர் துருப்பிடித்துப் போயிருந்திருக்கிறது, அதனால்தான் லைட் போட்டால் முள் துள்ளியிருக்கிறது. இத்தனை வருஷம் பாவம் அந்த மனிதரை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறோம்!

"ஞானி?"

"அவரும் நூறு!" கொதிகலன் வண்டியிலிருந்து குதித்து ஜன்னலுக்கு வந்தார். "பாத்தியா? ஞானி பொய் சொல்லவே இல்ல. அப்ப ஏத்தத்துல அவர் கீழ எறங்கும்போது எஞ்சின் குளுந்துதானே போயிருக்கு?"

நர்ஸம்மா கரண்டியால் குமிழைத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே பிடித்தார். ஞானியின் முள் மெல்ல இறங்கியது. தொண்ணூறு, எண்பது, எழுபது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டேதான் இருந்தது.

"தெர்மாமீட்டர வாயில வைக்காம சட்டப் பையில வச்சா காய்ச்சல் இல்லன்னுதான் காட்டும். உங்க ரேடியேட்டர்ல தண்ணி கொதிச்சு வெளிய போயிடுது. அப்புறம் அந்தக் குமிழு எதத் தொட்டுப் பாக்கும்? அது எறங்குனா குளுந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்."

ஞானி சாந்தமாக இறங்கிய ஒவ்வொரு முறையும் கொதிகலன் நிம்மதியாக ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்.

ஜமீன்தார் பதவி இழந்தார். மாமனாருக்குப் புது எர்த் வயர் போட்டாயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் முட்ட முட்ட நிரப்பியாயிற்று. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மீட்டர் சரியாகிவிட்டது, சரி. வண்டி ஏன் கொதிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். கையில் இழுவைக் கயிறு.

"எதுக்குடா அது?" என்றார் நர்ஸம்மா.

"சும்மாக்கா. பழக்கம்."

தார் ரோடு முடிந்தது. கல் ரோடு தொடங்கியது. மாமனாரும் ஞானியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பேச்சுப் பேசினார்கள்: தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. கொதிகலனின் நெற்றியிலும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முள்ளும் நூற்று மூன்று; ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்ததால்தான் இன்னும் ஆவி கிளம்பவில்லை. மச்சான் பின்சீட்டில் கயிற்றைப் பிரித்து அளந்து பார்த்தான்.

வளைவில் கொதிகலன் நிறுத்தினார்.

"நின்னாச்சு! நின்னாச்சு!" மச்சான் குதித்தான். "மாமா, சாவி!"

"ஆவி வந்துச்சாடா?" என்றார் நர்ஸம்மா. "ஆவிதானே பேச்சு. உக்காரு."

எஞ்சினை அணைக்காமலேயே கொதிகலன் பழக்கதோஷத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கு ஒன்றை உருவி, கேன் தண்ணீரில் நனைத்தார். மச்சான் ஓடிவந்து ஆர்வமாக உதவி செய்தான். "நல்லா நனைங்க மாமா, இன்னும் ஒண்ணு வேணுமா?" சாவிக்கு ஆசைப்படுகிறவன் வண்டியைக் குளிரவைக்க ஏன் இவ்வளவு அக்கறை காட்டுகிறான் என்று நர்ஸம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. இறங்கி வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

ரேடியேட்டரே தெரியவில்லை. சாக்கின் மேல் சாக்கு, அதன் மேல் சேறு, சேறு காய்ந்து அதன் மேல் இன்னொரு சாக்கு. சுவர் எழுப்பிப் பூசியது மாதிரி கெட்டியாக இருந்தது. அவர் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் விரித்து, விரலை எடுத்தார். உள்ளே ஃபேன் சுழலுகிற சத்தம் கேட்டது. கைக்குட்டை ஒட்டவில்லை. பொத்தென்று காலடியில் விழுந்தது.

"காத்து உள்ள இழுக்கலையே. இத எப்பக் கட்டுனீங்க?"

"எதைக் கேக்குற? முதல் சாக்கா?"

"ஏங்க," என்றார் நர்ஸம்மா, மிகவும் அமைதியாக. ஆஸ்பத்திரியில் பெரிய ஊசி எடுக்கும்போது வருகிற குரல் அது. "புள்ளைக்குக் காய்ச்சல்னா நாலு கம்பளியப் போத்தி, அதுக்கு மேல தண்ணியும் தெளிச்சு, ஏன் வேர்க்குதுன்னு கேட்டுட்டு வருவாங்களே சில பேரு. அவங்களத் திட்டித் திட்டி என் தொண்டையே போச்சு. அந்த ஆளு என் வீட்லயே இருக்காரு."

கொதிகலன் கையிலிருந்த ஈரச் சாக்கைப் பார்த்தார். வருஷக்கணக்காக நம்பிய வைத்தியம். கத்தியை எடுத்து, சாக்குகளைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். சுவர் அப்படியே பெயர்ந்து மச்சானின் காலில் விழுந்தது. மச்சான் ஒற்றைக் காலில் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ரேடியேட்டர் முகம் முதல்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. கைக்குட்டையை மறுபடி வைத்தார்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டது.

அப்படியே நின்றபடி காத்திருந்தார்கள். நூறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூறு. இரண்டு முள்ளும் சேர்ந்து இறங்கின. கொதிகலன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல், மேல் குழாயை அமுக்கிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் திம்மென்று இருந்தது. ஞானி வெறுமையில் இறங்கவில்லை, உண்மையிலேயே இறங்குகிறார்.

உச்சியில் டவருக்குக் கீழே வண்டி நின்றபோது பானெட்டிலிருந்து ஒரு நூல் ஆவிகூட இல்லை. சாவியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொதிகலன் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். மச்சான் கயிற்றைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

"அக்கா, அந்த டிராக்டர் மீட்டராவது திருப்பிக் குடுங்க."

"குடுக்கறேன். அடுப்படியில இருக்கு. எந்தக் கொதிப்புக்கும் அசராம உக்காந்திருக்கும், உன்னை மாதிரியே."

இறக்கத்தில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. மேலிருந்து காற்று ஜில்லென்று அடித்தது. எண்பது. எழுபது. அறுபத்தைந்து. கொதிகலன் மீட்டரைத் தட்டினார். நெளிந்தார். மறுபடி தட்டினார்.

"என்னங்க?"

"இல்ல... ரொம்பக் குளுருது போல இருக்கு. ஒரே ஒரு சாக்கு மட்டும்..."

நர்ஸம்மா பின்னால் திரும்பாமலேயே கையை மட்டும் நீட்டினார். "தம்பி, அந்தக் கயிற எடு. உங்க மாமா கையக் கட்டிடலாம்."