நீலம் அதிகமாகிப்போன வீடு

போன வாரம் எங்கள் அடுக்ககத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பி டப்பாவைத் திறந்து என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டினார். "மோந்து பாருங்க மேடம், வாசனையே வராது. காலைல அடிச்சா சாயந்தரம் குடும்பத்தோட உள்ள படுத்துக்கலாம்." மோந்து பார்த்தேன். உண்மைதான், ஒன்றுமே இல்லை. எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. வெள்ளையடித்த வீடு என்றால் ரெண்டு நாளாவது மூக்கில் காரமாக ஏற வேண்டாமா? தகர டின்னில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் புஸ்ஸென்று கொதித்து ஓர் ஆவி எழும்புமே, அந்த வாசனை எங்கே வந்தாலும் நான் விருத்தாசலத்தில் போய் நிற்பேன்.

சொல்லப்போனால், வீட்டைப் பேணுவது பற்றிப் பேச எனக்குத் தகுதியே கிடையாது. என் வீட்டில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை, மடிக்காத துணிகளுக்கென்றே விட்டுவிட்டேன். விருந்தாளி வந்தால் துணியோடு அதைத் தூக்கிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன். அப்படிப்பட்ட நான், ஒரு மனிதர் வீட்டைத் துடைத்துத் துடைத்தே எழுந்து நின்றதைக் கூடவே இருந்து பார்த்தவள் என்றால் நம்புவீர்களா? அவர் என் அப்பா.

அப்பாவுக்கு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை. ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். ஓட்டு வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் கிணறும் துவைகல்லுமாக ஒரு முற்றம். சந்தின் கோடியில் பீங்கான் பட்டறைகள். காற்றடித்தால் வெள்ளைக் களிமண் தூசி வந்து எங்கள் ஜன்னல் கம்பிகளில் படியும். தூசி மட்டுமல்ல, சூளையில் கோணிப் போனதும், மெருகு சரியாகப் பிடிக்காததும் எப்படியோ எங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிடும். எந்த வீட்டுக்குப் போனாலும் உப்பு ஒரு கோணல் ஜாடியில்தான் இருக்கும். மூக்கில்லாத பொம்மை ஒன்று அலமாரியில் இருக்கும். மின்கம்பத்துக்குச் செய்த பீங்கான் குமிழில் விரிசல் விட்டதைச் சுவரில் பதித்துத் துணிக்கொடி கட்டியிருப்பார்கள். எங்கள் முற்றத்திலும் அப்படித்தான்.

அந்தக் கொடியில்தான் அம்மாவின் புடவை கிடந்தது. காய்ச்சல் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலையில்கூட துவைத்துப் போட்டுவிட்டுத்தான் போனாள். திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகும் அந்தப் புடவையை யாரும் எடுக்கவில்லை. வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது, மறுபடி காய்ந்தது. ஊதா நிறப் புடவை, வெயில் பட்ட பக்கம் மட்டும் சாம்பலாக வெளுத்துப் போயிற்று.

அப்பா வேலைக்குப் போவார், வருவார், கூடத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். குடிக்கிற ஆளில்லை, கோபித்துக்கொள்கிற ஆளுமில்லை. யார் என்ன கேட்டாலும் "ம்" என்பார். ஓட்டலில் இட்லி வாங்கி வருவார், பொட்டலத்தைப் பிரித்தால் அதே காகிதத்தில் சாப்பிடுவோம். நான் எட்டாம் வகுப்பு. தங்கை கலா மூன்றாவது. சமையலறையில் எலி ஓடியது. குளிக்கிற இடத்தில் பாசி பிடித்துக் கலா வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அதற்கும் அப்பா "ம்" என்றுதான் சொன்னார்.

அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றப்போனாள். உள்ளே பார்த்தாள். கழற்றாமலே வந்துவிட்டாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள், முற்றத்துக்குப் போனாள், கலாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது வூடா மாமா இது?"

"ம்" என்றார் அப்பா.

"அக்கா இருந்த வூடா இது? புள்ளைங்க ரெண்டையும் நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க இப்பிடியே ஒக்காந்திருங்க."

பரீட்சை இருக்கிறது என்று நான் அடம்பிடித்து நின்றுகொண்டேன். கலாவுக்கு அந்த வயதில் என்ன சாக்குச் சொல்லத் தெரியும்? பாவாடை சட்டையை ஒரு மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு சித்தி பின்னால் போனாள். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள். பஸ் திரும்பிப் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்காரர், "தள்ளி நில்லுங்க சார், வண்டி வருது" என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலிக்குப் போகவில்லை. நேராக முற்றத்துக்குப் போனார். கொடியிலிருந்து புடவையை எடுத்தார். உதறினார். அகலமான புடவையை ஒற்றை ஆளாக மடிக்க வரவில்லை. "பாப்பா, அந்தத் தலப்பப் புடி" என்றார். நான் ஒரு முனையும் அவர் ஒரு முனையுமாக நின்று மடித்தோம். மடிக்க மடிக்க அவர் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தார். கடைசி மடிப்புக்கு என் கைக்கு எட்டும் தூரத்தில் அவர் முகம் இருந்தது. அழுதுகொண்டிருந்தார். அம்மா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதார்.

மறுநாள் சமையலறையில் தொடங்கினார். இந்த மனிதருக்கு உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்றே தெரியாது. டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்ப்பார், தும்முவார். எறும்புப் படைக்கு முன்னால் தோற்றுப்போய், எதிர்வீட்டு மேரி அத்தையிடம் போய் நின்றார். மேரி அத்தை பொம்மைப் பட்டறையில் வர்ணம் தீட்டுகிறவர், முழங்கை வரை வெள்ளையாகவே இருப்பார்.

"ஏங்க, இந்த எறும்புக்கு என்னாங்க பண்ணுவீங்க?"

அத்தனை வருஷத்தில் அப்பா அவரோடு பேசிய முதல் வாக்கியம் அதுதான். மேரி அத்தை ஒரு கணம் திகைத்து, பிறகு, "மஞ்சத்தூளு போடுங்க சார். இருங்க, நானே வரேன்" என்று வந்துவிட்டார்.

அப்படித்தான் ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. பாசியைச் சுரண்ட ஒரு கம்பித் தேய்ப்பான் வேண்டியிருந்தது, அதற்குக் கடைத்தெருவுக்குப் போனார், போன இடத்தில் பழைய சிநேகிதரைப் பார்த்து டீ குடித்துவிட்டு வந்தார். ஓடு மாற்ற ஏணி வேண்டியிருந்தது, அதற்காகச் சந்திலுள்ள வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டார். சுண்ணாம்பு அடித்தபோது அது தெறித்து மாதக்கணக்கில் வளர்ந்திருந்த தாடியில் காரை மாதிரி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. வேறு வழியில்லாமல் சவரம் செய்துகொண்டார். உள்ளே இருந்து எங்கள் அப்பாவே வந்துவிட்டார்.

அந்த வெள்ளையடிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுவர் பளிச்சென்று இருக்கச் சுண்ணாம்பில் நாலு சொட்டு நீலம் விடுவார்கள். அப்பா நிறைய விட்டால் நிறைய வெளுக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, பாட்டிலையே கவிழ்த்துவிட்டார். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காயத்தான் சுவரெல்லாம் நீலமாக வந்தது. மேரி அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னா சார், வானத்தையே எறக்கிட்டீங்க!" என்றார்.

அப்பா சுவரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார், அதுவும் நீலம். சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, கடைசியில் சுவரிலேயே சாய்ந்துகொண்டு சிரித்தார். முதுகெல்லாம் நீலமாயிற்று. நானும் சிரித்தேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது.

அன்றிலிருந்து சந்தில் எங்களுக்குப் பெயரே "நீல வூடு". தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார்.

வாடகை வீட்டுக்கு ஏன் இவ்வளவு என்று ஆபீஸில் ஒருவர் கேட்டபோது, "குடியிருக்கிறது நாமதானங்க" என்று அப்பா சொன்னார். என்னிடம் வேறு மாதிரி சொன்னார். அவர் கூடம் பெருக்கிக்கொண்டிருந்தபோது நான், "நான் பெருக்குறேம்ப்பா, குடு" என்று கேட்டேன். தரவில்லை. "சும்மா ஒக்காந்தா உங்கம்மா நெனப்பு எழுந்திரிக்கவே வுட மாட்டேங்குது பாப்பா. தொடப்பத்தக் கையில எடுத்தா பக்கத்துல வந்து நிக்கிறா. மூலைய வுட்டுட்டீங்களேங்கிறா" என்றார். சொல்லிவிட்டு மூலையைப் பெருக்கினார்.

பொங்கலுக்குச் சித்தி கலாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை செருப்பை வாசலில் விட்டாள். நேராகச் சமையலறைக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தாள்.

"இந்தப் பருப்புல வேப்பெல யாரு போட்டது?"

"நாந்தான். வண்டு வராதாமே" என்றார் அப்பா, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நின்றுகொண்டு.

சித்தி டப்பாவை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வூடு வூடா இருக்குது மாமா. கலா இங்கியே இருக்கட்டும்." பிறகு சுவரைப் பார்த்து, "கலருதான் கொஞ்சம்…" என்று இழுத்தாள். கலா அதற்குள் முற்றத்தில் அவள் பாட்டுக்குக் குளிக்கிற இடத்தைக் காலால் தேய்த்துத் தேய்த்து, வழுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அதன் பிறகு துக்கமே இல்லாத மனிதராகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். சில சாயந்தரங்களில் நாற்காலி அவரைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எழுந்துவிடுவார். கிணற்றடியில் கனகாம்பரம் போட்டார். பாத்தி ஓரத்துக்குக் கோணல் குமிழ்களை வரிசையாகக் குத்தி வைத்தார். பூவைப் பறித்து, நான் கட்ட, மேரி அத்தை வீட்டுக்குக் கலா கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடிக்கும்போது, வேண்டுமென்றே நீலத்தைக் கூடுதலாகவே விட்டார். நாங்கள் படித்து, வேலைக்கு வந்து, கல்யாணமாகிப் போகும் வரை அந்த வீடு வெளுக்கவே இல்லை.

வீட்டுக்காரரின் பிள்ளைகள் விற்றபோது அப்பா என்னோடு தாம்பரம் வந்தார். இங்கே துடைக்க அவருக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. பால்கனிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டு கொஞ்சகாலம் இருந்தார், பிறகு போய்விட்டார். சித்தியும் இல்லை. மேரி அத்தை மகள் வீட்டோடு எங்கேயோ போனார் என்று கேள்வி.

சென்ற மாதம் சித்தியின் பேத்தி கல்யாணத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில், விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி அந்தச் சந்துக்கு நடந்து போனேன். சந்து ரோடாகியிருந்தது. வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை. கிணறு எந்தப் பக்கம் என்றுகூடப் பிடிபடவில்லை. சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால் உள்ளே போய் ஒரு சார்ஜர் கேட்டேன். கடைக்காரப் பையன் எடுத்துத் தந்தபடி, நான் சுவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டான்.

"வெளியூருங்களாம்மா?"

எங்கள் சமையலறை இருந்த இடமாக இருக்க வேண்டும், நான் நின்றுகொண்டிருந்தது.

"ஆமாம்ப்பா" என்றேன்.