பாடகர் இல்லாத பக்கம்

ரெய்னர்ஸ் லேன் மீன்கடை வாசலில் நின்ற காரிலிருந்து பழைய ரெகே இசை வந்தது. பாடும் குரல் இல்லை. பேஸ் கிட்டாரின் அதிர்வில் கடைக் கண்ணாடி நடுங்கியது.

சிறுவயதில் எங்கள் கீழ்வீட்டில் வின்ஸ்டன் அங்கிள் இருந்தார், ஜமேக்காக்காரர். ஞாயிறு மதியங்களில் இசைத்தட்டுப் போடுவார். ஒரு பக்கத்தில் பாட்டு, மறுபக்கத்தில் அதே பாட்டின் இசை மட்டும். அந்த இசையின்மேல் மைக்கில் பசியையும் போலீஸ் அடியையும் தாளத்தோடு பேசுவார். அவர் ஊரின் பழைய டீஜேக்கள் அப்படித்தான் பேசினார்களாம்.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வன்னியில் சித்தப்பா ஷெல்லடியில் இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அப்பா வாயே திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு அங்கிள் அவரிடம் மைக்கை நீட்டினார்.

"அப்பா, உங்களையும் கதைக்கட்டாம்" என்றேன்.

"என்னோடயே ஒரு சொல் கதைக்கிறேல்லை. உந்தப் பெட்டியோட கதைக்கப் போறாரோ?" என்றார் அம்மா.

அப்பா மைக்கை வாங்கினார். தாளம் ஒரு சுற்று வந்தது.

"தம்பி, உன்னை ஆரடா தாட்டது? தாட்டவங்களோ, இல்லை அப்பிடியே விட்டிட்டு ஓடினவங்களோ?"

தட்டு முடிந்தது. அப்பா நிறுத்தவில்லை. தமிழ் தெரியாத அங்கிள் ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தார். பிறகும் அந்தப் பக்கம் ஓடும்போது மட்டுமே அப்பா பேசினார். சித்தப்பாவை யாராவது புதைத்தார்களா என்ற அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே, போன மாசியில் இறந்தார்.

"தங்கச்சி, மீனை வெட்டவோ?" என்றார் கடைக்காரர்.

"ஓம் அண்ணை."

வெளியே இசை முடியும்வரை அதன்மேல் யாரும் பேசவில்லை.