மேஸ்திரியின் மொழிபெயர்ப்பு

இன்று சிவப்பு முக்கோணம் போட்ட குடும்ப நல ஜீப்பில் எளாவூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனேன். நெல்லூரிலிருந்து வந்து செங்கல் அறுக்கும் பெண்களுக்குக் கர்ப்பகாலப் பாடம் எடுக்க வேண்டும்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கு வராது.

"நீங்க பேசுங்கம்மா, நான் சொல்லிக்கினே வர்றேன்" என்றார், அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த, இரண்டு மொழியும் தெரிந்த மேஸ்திரி.

பாரம் தூக்கக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு ஓய்வு வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது, கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருத்தி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்தாள். புடவையை வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"எனக்கு அஞ்சு மாசம். மேஸ்திரியாண்ட சொல்லிடாதம்மா."

"சொன்னா இன்னா?"

"முழுவாம இருந்தா வேலை இல்ல, ஊருக்குப் போயிடணும்னு நீதான் சொன்னியாமே?"

அந்த ஆளைத் திட்டத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

ஓய்வு என்பதற்குத் தெலுங்கில் என்ன வார்த்தை? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள். அடுத்த முறை நானே சொல்ல வேண்டும். மேஸ்திரிக்கு அந்த வார்த்தை தெரியாது போலிருக்கிறது.